துரையின் மூச்சும் சங்கிலியம்மாளின் கோபமும்

ஓடைப்பட்டியில் சங்கிலியம்மாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். "அவ வாய்க்குப் பயந்து பேய்கூட அந்தத் தெருப்பக்கம் வராது" என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண் தன் இடத்துக்காக நின்று பேசினால் அதற்கு வாய் என்று பெயர். அதையே ஓர் ஆண் பேசினால் நியாயம் என்று பெயர். நல்ல ஊர் இது.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. தையல் மிஷின் போட்டுப் பிழைப்பவள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாள் முதல் அவளைப் பார்க்கிறேன். திராட்சைப் பந்தலில் பிஞ்சு கழிப்பாள், பழம் வெட்டுவாள், சீசனில் ஷெட்டில் உட்கார்ந்து பெட்டி கட்டுவாள். ஒரு தடவை பெண்கள் பந்தலுக்குள் குலை வெட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிசையில் கந்தகம் தூவ ஆரம்பித்துவிட்டார்கள். இவள் கத்தரியைக் கீழே போட்டாள். "நாங்க என்ன பூச்சியா?" என்று கேட்டாள். அத்தனை பெண்களையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தோட்டக்காரர் வந்து கெஞ்சிய பிறகுதான் எழுந்தாள். அன்றைக்கு அவள் புண்ணியத்தில் மூச்சு முட்டாமல் வீட்டுக்குப் போன பெண்களிலேயே இரண்டு பேர் மறுநாள் அவளைப் பற்றிப் புறணி பேசினார்கள். அதையும் நான் கேட்டேன்.

ஊரையே எதிர்த்துப் பேசுகிறவள் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் பேச மாட்டாள். அவளுடைய அண்ணன் கருத்தக்கண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தவர் அவர். கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்தார். சில வருஷத்தில் அவள் அங்கிருந்து பெட்டியோடு திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் தன் ஆட்டுக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை எடுத்துக் கொடுத்தார். ஏன் வந்தாள் என்று தெருவில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அண்ணன் எது சொன்னாலும் அவளுக்கு அது சரி.

கருத்தக்கண்ணனுக்குத் தெருவில் தனி மரியாதை. ஆட்டு வைத்தியம் தெரிந்தவர். ஆடு செருமினாலும், வயிறு ஊதினாலும், கன்று மேயாமல் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மூங்கில் குழாய் வைத்திருப்பார். ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து, கடைவாயில் குழாயைச் செருகி, கஷாயத்தை ஊற்றிவிடுவார். கைக்குழந்தைகளுக்கும் அவர்தான். சளி பிடித்த பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தால் மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, சங்கில் மருந்தை ஊற்றி, தண்ணீர் தெளித்துத் திருநீறு பூசி அனுப்புவார். கை ராசி என்று சொல்வார்கள். அந்த ராசியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முயல் வந்த கதை சின்னது. ஊருக்கு வெளியே ஒருவர் கறிக்கு முயல் வளர்த்தார். கட்டுப்படியாகாமல் பண்ணையை மூடியபோது மிச்சமிருந்ததை வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். சீசன் இல்லாத நாளில் சங்கிலியம்மாள் அங்கே கூட்டிப் பெருக்கப் போவாள். குழம்பு வைக்கத்தான் கொண்டுவந்தாள். மசாலாகூட அரைத்தாகிவிட்டது. அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தால், அந்த வெள்ளை முயல் தத்தித் தத்தி வந்து அவள் பாதத்தில் தாடையைத் தேய்த்தது. தேய்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. அன்றைக்கு அரைத்த மசாலாவில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது.

துரை என்று பெயர் வைத்தாள். வெயில் ஏறும்வரை எழுந்திருக்காது, வாடின கீரையைத் திரும்பிப் பார்க்காது, பிறகு துரை இல்லாமல் என்ன? தெருவில் ஒருத்தன் பாக்கி இல்லாமல் "கறி எப்ப?" என்று கேட்டான். அதற்கு அவள் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது. நாய் வளர்த்தால் கேட்பார்களா, கிளி வளர்த்தால் கேட்பார்களா? தனியாக இருக்கிற ஒரு பெண் தனக்கென்று ஓர் உயிரை வைத்துக்கொண்டால் ஊருக்கு அது தட்டில் கிடப்பதுபோல்தான் தெரியும்.

போன தை மாதம் பனி அதிகம். துரைக்குக் குளிரும் என்று நினைத்து, கந்தகம் வந்த பழைய சாக்குகளைக் கூண்டைச் சுற்றிக் கட்டினாள். ஓடைப்பட்டியில் அந்தச் சாக்கு இல்லாத வீடு கிடையாது. கால் துடைக்கவும் அதுதான், கோழியை மூடவும் அதுதான். கூண்டோ ஆட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் ஆட்டு மூத்திர நெடி, இன்னொரு பக்கம் காற்றுப் புகாத சாக்கு.

முதலில் தும்மல். நாங்கள் சிரித்தோம், முயல் தும்முவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பிறகு மூக்கில் நீர் வந்தது. பூனை மாதிரி முன்கால்களால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அந்தக் கால் ரோமமெல்லாம் பசை போட்டதுபோல் ஒட்டிக்கிடந்தது. அப்புறம் நீர் வெள்ளையாகக் கெட்டிப்பட்டது. தூங்கும்போது குறட்டைச் சத்தம் கேட்டது. முருங்கைக் கீரையை நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒரு காலை நான் போனபோது கழுத்தை நீட்டி, முகவாயை மேலே தூக்கி அசையாமல் உட்கார்ந்திருந்தது. விலாப்புறம் மட்டும் உள்ளே போய் உள்ளே போய் வந்தது.

"புள்ள, இது சரியில்ல" என்றாள் சங்கிலியம்மாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

கருத்தக்கண்ணன் வந்தார். அவர் பின்னால் தெருவே வந்தது. "செத்தா மண்ணுக்குத்தான் போகும், இப்பவே அறுத்துட்டா கறிக்காச்சும் ஆகும்" என்றார் தங்கபாண்டி என்ற பெரிய மனிதர். சங்கிலியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் நாலடி பின்னால் போய் நின்றார்.

"அறுக்கவெல்லாம் வேணாம்யா. சளி நெஞ்சுல கட்டியிருக்கு. ஒரு ஊத்து ஊத்துனா இறங்கிரும்" என்றார் கருத்தக்கண்ணன். கற்பூரவல்லி, துளசி, மிளகு, பூண்டு எல்லாம் தட்டிப் போட்ட கஷாயம் தயாராக இருந்தது. அவர் மருமகள் கயல் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டினாள். "ஆத்தா, நீ காலைப் பிடி" என்றார் தங்கையிடம்.

அவள் பிடித்தாள். அண்ணன் சொன்னால் பிடிப்பாள். அவர் துரையை மல்லாத்தி, தலையை அண்ணாந்து பிடித்து, குழாயைச் செருகி ஊற்றினார். அது உதைத்தது. அவர் இன்னும் ஊற்றினார். மூக்கு வழியாகப் பழுப்பாகக் கஷாயம் திரும்பி வந்தது. "பாத்தியா, சளி வருது" என்று யாரோ சொன்னார்கள்.

கீழே விட்டதும் துரை தலையை வானத்துக்குத் தூக்கி வாயைத் திறந்தது. முயல் வாயைத் திறந்து மூச்சு விடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. உதடு நீலம் பூத்திருந்தது.

"கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்" என்றார் கருத்தக்கண்ணன். அவர் முகத்தில் கவலை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் எனக்கு வராது.

ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். போன் போட்டேன். விவரம் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சத்தம் போட்டார். "வாயைத் திறந்துருச்சா? இனி ஒரு சொட்டு ஊத்தாதீங்க. மல்லாக்கப் போடாதீங்க, நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீங்க. காத்துப் போற பெட்டியில உக்காந்தபடி வச்சு, சத்தமில்லாமக் கொண்டுபோங்க. தேனி அல்லிநகரத்துல ஆக்சிஜன் வச்சிருக்கிற கிளினிக் இருக்கு. ஓடுங்க."

காற்றுப் போகிற பெட்டிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. திராட்சை கட்டுகிற அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் ஓட்டையோடுதான் வரும். அதில் பழைய சேலையை மடித்துப் போட்டு வைத்தோம். தேனிக்குப் பழம் ஏற்றிக்கொண்டு கிளம்பிய மாரிசெல்வத்தின் மினி வேனை சங்கிலியம்மாள் நடுரோட்டில் நின்று மறித்தாள். கேட்கவில்லை, ஏறிவிட்டாள். பின்னாலேயே நானும் ஏறினேன்.

வேனுக்குள் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள்.

"ஏக்கா! சாமிக்கு வச்சதுக்கா அது!"

"சாமிக்கு மூச்சு முட்டல. இதுக்கு முட்டுது. ஓட்டுடா."

சின்னமனூர் தாண்டும்வரை மாரிசெல்வம் வேகத்தைக் குறைக்கவில்லை. பாட்டையும் நிறுத்திவிட்டான். அவள் ஈரத்துணியால் துரையின் மூக்கைத் துடைத்தபடி வந்தாள். வீரபாண்டி வந்தபோது அது தலையைக் கொஞ்சம் சாய்த்தது. "ஏலே துரை, சாஞ்சிராத. சாஞ்ச, கொன்னுருவேன்" என்றாள். திட்டுகிறாளா கெஞ்சுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கிளினிக்கில் டாக்டர் ஜோதிகா சின்னப் பெண். பெயர், ஊர் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். முகத்துக்கு நேராக ஆக்சிஜன் குழாயை வைத்தாள், மூக்கை வழித்தெடுத்தாள், ஊசி போட்டாள், ஒரு மூடின பெட்டிக்குள் விட்டுப் புகை மாதிரி ஏதோ மருந்து செலுத்தினாள். கையால் அதிகம் தொடவே இல்லை. வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"யாரு ஊத்துனது?"

"எங்கண்ணன்" என்றாள் சங்கிலியம்மாள்.

"பிடிச்சது?"

"நாந்தான்."

"முயல் மூக்காலதாம்மா மூச்சு விடும். அது வாயைத் திறக்குதுன்னாலே உசிரு போற நிலைமை. தும்மும்போதே வந்திருக்கணும். முன்னங்கால் ரோமம் ஒட்டுனப்பவாச்சும் வந்திருக்கணும். சரி, வரல. அதுக்கு ஆட்டுக்கு ஊத்துற மாதிரியா ஊத்துறது? மூச்சுக்குத் தவிக்கிற உசிரோட வாயில ஊத்துனா வயித்துக்குப் போகாது, நெஞ்சுக்குத்தான் போகும். உள்ள முழுக்கத் தண்ணி. வச்சுப் பாக்குறேன், சொல்ல முடியாது."

நான் பயந்துபோய் சங்கிலியம்மாளைப் பார்த்தேன். இப்படி ஒருத்தி அவளிடம் பேசிவிட்டு முழுசாகத் திரும்பிப் போனதை நான் கண்டதில்லை. ஆனால் அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். பிறகு கேட்டாள்.

"டாக்டரம்மா, பச்சப்பிள்ளைக்கும் அப்படித்தானா?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"சளி பிடிச்சு மூச்சு இளைக்கிற பிள்ளை. மூக்கைப் பிடிச்சு சங்குல ஊத்துனா?"

ஜோதிகா என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் ஏதோ புரிய ஆரம்பித்தது. "நான் மனுசங்களுக்குப் பாக்குறவ இல்லம்மா. ஆனா அதுவும் கூடாது. மூக்கைப் பிடிச்சா பிள்ளை வாய் வழியா இழுக்கும். மருந்தையும் சேர்த்து இழுத்துரும்" என்றாள் ஜோதிகா.

"பொம்பளப்பிள்ளை" என்றாள் சங்கிலியம்மாள். யாரிடமும் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "எட்டு மாசம். தவழ ஆரம்பிச்சிருந்துச்சு. சளின்னு கடமலைக்குண்டுல இருந்து அண்ணன்ட்டத்தான் தூக்கிட்டு வந்தேன். அண்ணன் மடியில போட்டாக. நான் காலைப் பிடிச்சிருந்தேன். மூக்கு வழியாத் திரும்பி வந்துச்சு. சளி வருதுன்னு சொன்னாக. வாயைத் திறந்துச்சு. இதே மாதிரிதான் திறந்துச்சு. விதின்னு சொன்னாக. நானும் விதின்னுதான் நெனச்சேன். கட்டுன அந்தாளு நீ ராசியில்லாதவன்னு விரட்டுனான், அதையும் விதின்னுதான் நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடிக் கதவை உடைத்திருப்பேன். இத்தனை வருஷம் ஊர் இவளை வாய்க்காரி என்றது. எது வாய்க்குள் போய் எது வெளியே வந்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா? எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பிள்ளை செத்தது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, இவள் வாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

துரை சாகவில்லை. மறுநாள் வாய் மூடியது, அதற்கடுத்த நாள் கொத்தமல்லித் தழையைக் கடித்தது. ஜோதிகா போன் போட்டுச் சொன்னாள். நானும் சங்கிலியம்மாளும் மாரிசெல்வத்தின் வேனிலேயே போய்க் கூட்டிவந்தோம். சாக்கைக் கழற்றி எறி, கூண்டைக் கொட்டகையை விட்டுத் தள்ளி வை, படுக்கையை ஈரமாக விடாதே, ஆட்டு மருந்து எதையும் கொடுக்காதே, அதில் சிலது முயலைக் கொன்றுவிடும் என்று ஜோதிகா சொன்னதையெல்லாம் அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். தும்மல் முழுசாகப் போகாது, திரும்ப வரலாம், கவனமாக இரு என்றும் சொன்னாள். வேனில் வரும்போது சங்கிலியம்மாள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"முயலுக்கு மூச்சு வந்துருச்சு புள்ள."

பிள்ளைக்கு வராமல் போன மூச்சை அவள் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேன் எங்கள் தெருவில் நின்றபோது கருத்தக்கண்ணன் ஆட்டுக்கு அகத்திக்கொழை கட்டிக்கொண்டிருந்தார். அவள் கையில் பெட்டியைப் பார்த்ததும் ஓடி வந்தார். உள்ளே துரை காதை ஆட்டியது. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தெருவைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீகளா, பொழச்சிருச்சு. நம்ம கஷாயம் சளியை அறுத்துருச்சுல்ல. டாக்டருக்கென்ன, மேலாப்புல ஒரு ஊசி போட்டிருப்பாக."

தெரு தலையாட்டியது. ஆட்டத்தானே தெரியும் அதுக்கு. தங்கபாண்டி, "கண்ணண்ணன் கை ராசி அது" என்றார்.

"அண்ணே" என்றாள் சங்கிலியம்மாள்.

சத்தம் போடவில்லை. ஆனாலும் எல்லாரும் திரும்பினார்கள். அவரை அவள் அந்தக் குரலில் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"நீ ஊத்துனதுதான்ணே இதைக் கொல்லப் பாத்துச்சு. கஷாயம் வயித்துக்குப் போகல, நெஞ்சுக்குப் போயிருச்சு. டாக்டரம்மா எடுத்துச்சு. எம் பிள்ளைக்கும் அப்படித்தான் போயிருக்கு. அதை எடுக்க ஆளில்ல."

கருத்தக்கண்ணனின் கையிலிருந்த கொழை கீழே விழுந்தது. "என்ன ஆத்தா பேசுற? அது எத்தன வருசத்துக் கதை. அது விதி."

"விதி இல்ல. கஷாயம்."

"ஏத்தா, உன்னைத் தூக்கி வளத்தவன் நான். எம் மடியில போட்டு, எம் பிள்ளையா நெனச்சு..." அவள் பக்கம் ஓரடி வைத்தார். "அப்ப நாந்தான் கொன்னேன்ங்கிறியா? நீதான காலைப் பிடிச்சிருந்த?"

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் என் செருப்பைக் கழற்றப் போனேன், நிஜமாகவே. சங்கிலியம்மாள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"ஆமாண்ணே. நீ ஊத்துன, நான் பிடிச்சேன். ரெண்டு பேருந்தான். தெரியாமச் செஞ்சோம். அழுதுட்டு விட்டுறலாம். ஆனா இன்னைக்குச் சொல்லியாச்சு, நீயும் கேட்டாச்சு, இந்தத் தெருவும் கேட்டாச்சு. இனிமே அந்தக் குழாயவோ சங்கவோ நீ கையில எடுத்தா, அது தெரிஞ்சு செய்யுறது."

அவர் கொட்டகைக் கல்லில் உட்கார்ந்தார். சில பேர் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள், வயசான மனுசனை இப்படியா நடுத்தெருவில் கேட்பது என்று பின்னால் என்னிடமே சொன்னார்கள். நடுத்தெருவில்தானே ஊற்றினார், நடுத்தெருவில்தான் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

கயல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், தோளில் பிள்ளை. மாமனாரைப் பார்த்தாள், பிறகு இறங்கி வந்தாள். எங்கள் பக்கம் வந்து நின்றுதான் பேசினாள்.

"சின்னம்மா, பிள்ளைக்கு நேத்திருந்து மூச்சு இளைக்குது. பால் குடிக்கவே திணறுது. மாமா சாயந்திரம் ஊத்துறேன்னு சொல்லியிருக்காக."

சங்கிலியம்மாள் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். விலா உள்ளே போய் உள்ளே போய் வந்தது. துரை இருந்த பெட்டியை என் கையில் கொடுத்தாள், பிள்ளையை வாங்கித் தோளில் நிமிர்த்திப் பிடித்தாள், வேனைத் திருப்பிக்கொண்டிருந்த மாரிசெல்வத்தை நோக்கி நடந்தாள்.

"வண்டியை நிறுத்துடா. பெரியாஸ்பத்திரிக்கு விடு."